டவருக்கும் கைபேசிக்கும் நடுவே

கைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது குரல் அறுந்தால் “டவர் கிடைக்கலை” என்கிறோம். பெரும்பாலும் அது சரியான கணிப்புதான். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் குரல் 450 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. ஏறக்குறைய முழுத் தூரத்தையும் அது கண்ணாடி இழைக் கேபிளுக்குள்ளேயே கடந்துவிடுகிறது. அங்கே மழை இல்லை, சுவர் இல்லை, மரம் இல்லை. காற்றில் போவது இரண்டு முனைகளிலும் உள்ள கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டுமே. குரல் அறுவது அங்கேதான்.

டவர் உச்சியில் இருக்கும் ஆன்டெனாக்கள், அலையை எண்களாகவும் எண்களை அலையாகவும் மாற்றும் கருவிகள், யாருக்கு எப்போது இடம் என்று தீர்மானிக்கும் மென்பொருள் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் ரேடியோ அணுகு வலையமைப்பு. துறைக்காரர்கள் சுருக்கமாக ‘ரான்’ என்பார்கள். ஒரு மொபைல் நிறுவனத்தின் மின்செலவில் முக்கால் பங்கை ஒட்டி இங்கேதான் போகிறது. 4ஜி, 5ஜி, அடுத்து 6ஜி என்று தலைமுறை மாறும்போது பெரும்பாலான மாற்றம் நடப்பதும் இங்கேதான்.

ரான் ஆராய்ச்சியைப் பற்றி நமக்கு வரும் செய்திகள் வேகத்தையே பேசுகின்றன. எத்தனை நொடியில் ஒரு திரைப்படம் இறங்கும் என்பதோடு முடிந்துவிடுகின்றன. அது பாதிக் கதை. ஆராய்ச்சியாளர்கள் எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் எந்த ஊருக்குச் சேவை போய்ச்சேரும் என்பது முடிவாகிறது. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று ஒன்று உண்டு. அதற்கு முன், அந்தக் காற்று வழியில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஆண்ட்ராய்டு கைபேசியின் செட்டிங்ஸில், கைபேசி பற்றிய பகுதிக்குப் போய் சிம் நிலையைத் தொட்டால், பெரும்பாலான மாடல்களில் மைனஸ் 90, மைனஸ் 105 என்று ஓர் எண் தெரியும். பக்கத்தில் டிபிஎம் என்ற அலகு இருக்கும். கைபேசி டவரின் அடையாள அலையை எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்பதன் அளவு அது. மைனஸ் 90 என்றால் ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மைனஸ் 100 என்றால் அதிலும் பத்தில் ஒன்று. மைனஸ் 120ஐ நெருங்கும்போது தொடர்பு தள்ளாடத் தொடங்கும். டவரிலிருந்து பத்துக்கணக்கான வாட்டில் கிளம்பிய அலை, தூரத்திலும் சுவரிலும் இலைகளிலும் கரைந்து இந்த அளவுக்கு வந்து நிற்கிறது. இவ்வளவு மெலிந்த அலையிலிருந்து முகம் தெரியும் அளவுக்கு ஒரு வீடியோ அழைப்பை மீட்டெடுப்பதே வியப்புக்குரியது.

நீங்கள் ஒரு புகைப்படத்தை அனுப்பத் தொட்டதும் கைபேசி அதை உடனே காற்றில் விட்டுவிடுவதில்லை. ‘என்னிடம் அனுப்ப வேண்டியது இருக்கிறது’ என்று முதலில் ஒரு சிறு குறிப்பு போகிறது. எந்த நொடித்துளியில், எந்த அதிர்வெண் துண்டில், எவ்வளவு நெருக்கமாகத் தரவை அடுக்கி அனுப்பலாம் என்று டவர் பதில் சொல்கிறது. அதன்படி கைபேசி அனுப்பியதை டவர் சரிபார்க்கிறது, பிழை இருந்தால் மறுபடி கேட்கிறது. நம் ஊரில் 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்கும் 5ஜியில் இந்தப் பங்கீடு அரை மில்லி நொடிக்கு ஒருமுறை நடக்கிறது. அதாவது நொடிக்கு 2,000 முறை, அந்த டவரின் கீழ் இருக்கும் எல்லாருக்கும்.

ஒரே அலைக்கற்றையில் கூடுதல் தரவை எப்படித் திணிப்பது என்பது பழைய கேள்வி. இதற்குக் கிடைத்த மிகப் பெரிய விடைகளில் ஒன்றில் பொள்ளாச்சியில் பிறந்த ஒருவரின் கைவண்ணம் இருக்கிறது. ஆரோக்கியசாமி பால்ராஜ் இந்தியக் கடற்படையில் நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை வடிவமைத்தவர். பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பல ஆன்டெனாக்களை வைத்தால், ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில், தனித்தனித் தரவு ஓடைகளை அனுப்பிப் பிரித்தெடுக்க முடியும் என்பது அவர் முன்வைத்த கருத்து. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து இதற்காக அவர் பெற்ற காப்புரிமை 1994இல் வழங்கப்பட்டது. கட்டடங்களில் மோதிச் சிதறும் அலைகளை அதுவரை தொல்லையாகவே பார்த்தார்கள். ஒவ்வொரு ஓடையும் வெவ்வேறு விதமாகச் சிதறி வருவதால்தான் அவற்றைப் பிரிக்கவே முடிகிறது என்று இந்த முறை காட்டியது. மைமோ என்று அழைக்கப்படும் இது இன்று ஒவ்வொரு 4ஜி, 5ஜி கைபேசியிலும் வைஃபை பெட்டியிலும் இருக்கிறது. 2014இல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

2010இல் பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா அடுத்த கேள்வியைக் கேட்டார். டவரில் இருக்கும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையை அளவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? இரைச்சலும் பயனர்களுக்கு இடையிலான குறுக்கீடும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும் என்று அவர் கணக்கு காட்டியது. நம் ஊர் 5ஜி டவர்களில் நீளமான பழைய ஆன்டெனாக்களுக்குப் பக்கத்தில் தட்டையான பலகை போல ஒன்று தெரிகிறதே, அது இந்தக் கணக்கின் பிள்ளை. உள்ளே 32 அல்லது 64 தனித்தனி அலை வழிகள் இருக்கும். ஒவ்வொரு பயனரின் பக்கமும் அலையைக் கூர்மையாகத் திருப்பிவிட அவை கூட்டாக வேலை செய்கின்றன.

இனி அந்தச் சான்றுக்கு வருவோம்.

5ஜி எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு. தேர்வு விதிகள் வகுத்துக்கொண்டிருந்த காலம். கிராமப்புறத்துக்கான சோதனையில் இரண்டு டவர்களுக்கு இடையே 1,732 மீட்டர் என்று வைத்திருந்தார்கள். இந்திய நிலைமை வேறு. பாரத்நெட் திட்டத்தில் கண்ணாடி இழை போய்ச்சேர வேண்டிய இடம் ஊராட்சி. அங்கே ஒரு டவர் நட்டால், சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் அதுவே போதுமானதாக இருக்க வேண்டும். ஆகவே டவர்களுக்கு இடையே 6 கிலோமீட்டர் என்று வைத்துச் சோதியுங்கள் என்றது இந்தியத் தரநிலை அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ. மெதுவாக நகரும் மக்கள், பெரிய பரப்பு என்ற இந்தச் சோதனை 2017இல் ஐ.டி.யு. விதிகளுக்குள் வந்தது.

6,000 மீட்டரை 1,732ஆல் வகுத்து, வந்த விடையை வர்க்கப்படுத்துங்கள். 12 வரும். பழைய கணக்கில் 12 டவர் நட வேண்டிய பரப்பை இங்கே ஒரே டவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் குறைவாக இருக்கும் கிராமத்தில் டவர் வருமா வராதா என்பதையே இந்த வேறுபாடு தீர்மானித்துவிடும்.

ஆனால் 3 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு டவர் பேசுவது கேட்டால் மட்டும் போதாது, அவர் பேசுவது டவருக்குக் கேட்க வேண்டும். சிக்கல் அந்தத் திசையில்தான் இருக்கிறது. டவருக்குத் தடையில்லா மின்சாரமும் பெரிய ஆம்ப்ளிஃபையரும் உண்டு. கைபேசி வழக்கமாக வெளியிடக்கூடியது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, 200 மில்லிவாட். அதையும் பல நேரம் முழுதாக வெளியிட முடிவதில்லை. காரணம் அலையின் வடிவம். 4ஜி, 5ஜி அலைகளில் சராசரி மட்டம் தாழ்வாக இருக்கும், நடுநடுவே உச்சங்கள் எகிறும். கோயில் திருவிழாவில் மைக் செட் போடுபவர் சத்தத்தை முழுதாக ஏற்றினால், நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது ஒலிபெருக்கி கரகரக்கும். அந்த ஒரு உச்சத்துக்குப் பயந்து அவர் எப்போதும் ஓர் அளவு குறைத்தே வைத்திருப்பார். கைபேசியின் ஆம்ப்ளிஃபையரையும் அதே காரணத்துக்காகத்தான் குறைத்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

சென்னை ஐஐடி, ஹைதராபாத் ஐஐடி, சென்னை ஐஐடி வளாகத்திலிருந்து இயங்கும் செவிட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்ப மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் கைவைத்தது இந்த இடத்தில். அலையின் கட்டத்தை ஒவ்வோர் அடியிலும் கால் சுற்றுத் திருப்பி, அதன் நிறமாலையையும் கொஞ்சம் செதுக்கிவிட்டால், அலையின் வீச்சு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும். உச்சங்கள் அடங்கிவிட்டதால் ஆம்ப்ளிஃபையரை அதன் முழுத் திறனில் ஓட்டலாம். கைபேசி 400 மில்லிவாட் வரை வெளியிடலாம். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தூரத்தை வாங்கும் பேரம் இது. ஊர் எல்லையில் நின்று ஆம்புலன்ஸுக்கு அழைப்பவருக்கு அந்தப் பேரம் லாபம்.

5ஜிஐ என்ற பெயரில் போன இந்த முன்மொழிவை 2021 பிப்ரவரியில் ஐ.டி.யு. தன் 5ஜி பரிந்துரையில் சேர்த்தது. பிறகு இந்தியாவுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. உலகம் ஒரு தரநிலையிலும் நாம் இன்னொன்றிலும் போனால் கைபேசி விலை ஏறும், கருவிகள் ஒன்றோடொன்று பேசாது என்று மொபைல் நிறுவனங்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில் 5ஜிஐ தனியாக நிற்கவில்லை. உலக மொபைல் தரநிலைகளை எழுதும் 3ஜிபிபி என்ற கூட்டமைப்பின் 17ஆம் வெளியீட்டோடு இணைக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. தனிப்பெயர் போனதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஓர் ஊராட்சியின் தேவை உலகத் தேர்வு விதிக்குள் ஒரு வரியாக ஏறியது. அதற்கு விடை தேடிய வேலை பொதுத் தரநிலைக்குள் கலந்தது. அதுதான் பெரிய காரியம்.

டவரின் கட்டமைப்பையே மாற்றும் ஆராய்ச்சி இன்னொரு பக்கம் நடக்கிறது. பழைய டவர்களின் அடியில் ஏசி போட்ட ஓர் அறை இருக்கும். கருவிகள் அதற்குள், அங்கிருந்து உச்சிக்குத் தடித்த செப்புக் கேபிள். அலையின் ஆற்றலில் கணிசமான பங்கு ஏறும் வழியிலேயே சூடாகிப் போய்விடும். பிறகு ரேடியோ பெட்டியையே ஆன்டெனா பக்கத்தில் ஏற்றிவிட்டு, கீழிருந்து கண்ணாடி இழை இழுத்தார்கள். அப்படியானால் கணக்குப் போடும் பெட்டி டவரடியில்தான் இருக்க வேண்டுமா? பல டவர்களின் கணக்குப் பெட்டிகளை ஊருக்குள் ஒரே கட்டடத்தில் சேர்த்துவிட்டால் இடமும் மின்சாரமும் மிச்சமாகுமே. சைனா மொபைல் நிறுவனத்தின் ஆய்வகம் 2010 வாக்கில் இந்த யோசனையை வலுவாக முன்வைத்தது.

யோசனை அழகானது. முட்டியது அந்த இழையில்தான். இரண்டு ஆன்டெனா கொண்ட ஒரு 4ஜி பிரிவு பயனர்களுக்குத் தருவது அதிகபட்சம் நொடிக்கு 150 மெகாபிட். அதன் அலையை எண்ணாக்கி அப்படியே கட்டடத்துக்கு அனுப்பவோ நொடிக்கு இரண்டரை கிகாபிட் வேண்டும். 64 வழிகள் கொண்ட 5ஜி பலகைக்கு இதே கணக்கைப் போட்டால் 200 கிகாபிட்டைத் தாண்டுகிறது. போதாக்குறைக்குத் தாமதம். இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோ நொடி ஆகும். டவர் பதில் சொல்ல வேண்டிய கெடுவுக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பதால், கட்டடம் 20 கிலோமீட்டருக்கு அப்பால் போக முடியாது. எனவே 5ஜியில் வேலையை மூன்றாகப் பிரித்தார்கள். அலைக்கு நெருக்கமான கணக்கின் ஒரு பகுதி உச்சியில், அவசரமானது பக்கத்து மையத்தில், நிதானமானது தொலைவில்.

மூன்றாகப் பிரித்த பிறகு, மூன்றையும் ஒரே கம்பெனியிடம் ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி தானாக வந்தது. உலக ரேடியோ கருவிச் சந்தையின் பெரும்பகுதி ஹுவாவே, எரிக்சன், நோக்கியா, இசட்டிஇ, சாம்சங் என்ற ஐந்து நிறுவனங்களிடம் இருக்கிறது. ஒருவரின் ரேடியோவும் இன்னொருவரின் கணக்குப் பெட்டியும் பேசிக்கொள்ள வழியில்லாமல் இருந்தது. அந்த இணைப்புகளைப் பொதுவில் வரையறுக்க 2018இல் ஓ-ரான் கூட்டமைப்பு உருவானது. ஏடி&டி, சைனா மொபைல், டாய்ச் டெலிகாம், என்டிடி டோகோமோ, ஆரஞ்சு ஆகிய ஐந்து மொபைல் நிறுவனங்கள் அதைத் தொடங்கின. ஜப்பானில் ரகுடென் நிறுவனம் 2020இல் இந்த வழியில் ஒரு வலையமைப்பைத் தொடங்கிக் காட்டியது.

திறந்த ரானில் ‘ரிக்’ என்று ஒரு கட்டுப்பாட்டு மென்பொருள் உண்டு. 10 மில்லி நொடியிலிருந்து ஒரு நொடிக்குள் எடுக்க வேண்டிய முடிவுகளுக்கு ஒரு வகை, அதற்கு மேற்பட்ட நிதானமான முடிவுகளுக்கு இன்னொரு வகை. யார் வேண்டுமானாலும் அதில் செயலி எழுதிச் சேர்க்கலாம் என்பது நோக்கம். செயற்கை நுண்ணறிவு ரானுக்குள் நுழையும் வாசல்களில் முக்கியமானது இதுதான். தீராத சிக்கல்களும் இங்கேயே இருக்கின்றன. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒரு செயலி ஓர் அலைவரிசையைத் தூங்க வைக்கிறது. அதே நேரம் நெரிசலைக் குறைக்க இன்னொரு செயலி ஆட்களை அதே அலைவரிசைக்குத் தள்ளுகிறது. யார் சொல்வது நடக்க வேண்டும்? நள்ளிரவில் வலையமைப்பு படுத்துவிட்டால், நான்கு கம்பெனிப் பொருள்கள் கலந்த இடத்தில் பழுதுக்கு யார் பொறுப்பு? திறந்த ரான் வளர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஆனாலும் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் அது முழுதாக ஊர் சேராது.

மின்சாரம் என்றதும் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 4ஜி டவர் தன் பக்கம் ஓர் ஆள்கூட இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மில்லி நொடியும் அடையாள அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். இடைவெளியே இல்லாததால் ஆம்ப்ளிஃபையரை அணைக்க நேரம் கிடைக்காது. 5ஜியில் அதே வேலைக்கு வழக்கமான இடைவெளி 20 மில்லி நொடி, தேவையானால் 160 வரை நீட்டலாம். நடுவில் கிடைக்கும் ஓய்வில் கருவிகளை உறங்க வைக்கலாம். தரநிலை எழுதும்போது மாற்றிய ஒரு எண், லட்சக்கணக்கான டவர்களில் ஒவ்வோர் இரவும் மின்சாரத்தை மிச்சமாக்கும் வாய்ப்பைத் திறந்துவிட்டது. வேக சாதனைச் செய்திகளுக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்காவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

6ஜிக்கான சட்டகத்தை ஐ.டி.யு. 2023 நவம்பரில் வெளியிட்டது. 2030ஐ ஒட்டிச் சேவை தொடங்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆறு பயன்பாட்டு வகைகளை அது வரையறுத்திருக்கிறது. எங்கும் இணைப்பு என்பது அதில் ஒன்று. அது இடம்பெற இந்தியா முன்னின்று வாதாடியது. டவரின் அலை பொருள்களில் பட்டுத் திரும்புவதை வைத்து ரேடார் போலச் சுற்றுப்புறத்தை உணர்வது இன்னொன்று. ட்ரோன்களைக் கண்டுபிடிக்கவும் சாலையில் விபத்தைத் தவிர்க்கவும் இது உதவலாம். கையில் கைபேசியே இல்லாத மனிதரின் நடமாட்டமும் இதில் பதிவாகும் என்பதால், சட்டம் முதலில் வந்து தொழில்நுட்பம் பின்னால் வருவதே முறை.

டெராஹெர்ட்ஸ் அலைகளைப் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் பெரிய பேச்சு இருந்தது. அவ்வளவு உயரமான அதிர்வெண்ணில் அலைக்கற்றை தாராளம், ஆனால் ஒரு சுவர் போதும் அலை நின்றுவிட. கவனம் இப்போது கீழே இறங்கி 7 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வந்திருக்கிறது. 7.125 முதல் 8.4 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி உட்படச் சில பட்டைகள் 2027ஆம் ஆண்டின் உலக ரேடியோ மாநாட்டில் முடிவுக்கு வருகின்றன. இதில் ஒரு நன்மை உண்டு. 3.5இலிருந்து 7க்குப் போனால் அலைநீளம் பாதியாகிறது. அதே அளவு பலகையில் நான்கு மடங்கு ஆன்டெனாக்களை அடுக்கலாம். கூர்மை கூடுவதால், இப்போதிருக்கும் டவர்களிலிருந்தே ஏறக்குறைய அதே பரப்பை எட்ட முடியுமா என்று பார்க்கிறார்கள். புதிய டவர் நட வேண்டியதில்லை என்றால் கிராமத்துக்கும் அது வரும். டெராஹெர்ட்ஸை விட இந்த வழியே எனக்கு நம்பிக்கை தருகிறது.

இந்தத் துறை நம் மாணவர்களுக்கு எட்டாக்கனி அல்ல. 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட, சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய 5ஜி சோதனைத்தளம், புதிய நிறுவனங்களும் ஆய்வாளர்களும் தங்கள் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே அமைந்தது. அதுவும் வேண்டாம், கல்லூரி ஆய்வகத்தில் ஒரு நல்ல கணினியும் மென்பொருள்வழி ரேடியோப் பலகை ஒன்றும் இருந்தால் போதும். ஓப்பன்ஏர்இன்டர்ஃபேஸ், எஸ்ஆர்எஸ்ரான் என்ற இரண்டு திறந்த மென்பொருள்களில் எதை வைத்தும் முழு 5ஜி டவரை மேசை மீது இயக்கலாம். அலையை வெளியே விட அனுமதி வேண்டும் என்பதால், ஆன்டெனாவுக்குப் பதில் கேபிளும் அலையை மட்டுப்படுத்தும் அட்டெனுவேட்டரும் மாட்டிச் சோதியுங்கள். 3ஜிபிபியின் தரநிலை ஆவணங்களையும், அங்கே ஒவ்வொரு நிறுவனமும் கொடுக்கும் முன்மொழிவுகளையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவிறக்கிப் படிக்கலாம். 6ஜிக்கான முன்மொழிவுகள் இப்போது அங்கே குவிந்துகொண்டிருக்கின்றன.